எங்கள் தாள்களை உங்கள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுங்கள்

தமிழ்நாட்டின் செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும், தனியார் மருத்துவமனைகளின் நிர்வாக அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் செவிலியராக வேலை செய்கிறேன். என் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தார். வங்கியில் கல்விக் கடன் வாங்கிப் படித்து, 2009-இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். மூன்று ஆண்டுகள் தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனை, பிறகு ஐந்தாண்டுகளுக்கு மேல் சவூதி, 2019 முதல் இங்கே.

போன வாரம் இரவுப் பணி முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு காத்திருந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த பெண் அனுப்பியது. உங்களில் ஒருவருடைய கல்லூரியில் படித்தவள், வெளிநாட்டு வேலைக்கான படிவத்தைக் கல்லூரியில் நிரப்பி வாங்க அலைகிறவள். “அக்கா, இன்றைக்கும் போனேன். முதல்வர் அம்மா மீட்டிங்கில் இருக்கிறார்களாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்” என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எதையும் எதிர்பார்க்காமல் பேசும் அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். 2017-இல் அது என் குரலாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மேசைக்கு இப்படி எத்தனையோ படிவங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, பதில் இல்லாமல் கிடந்தால் மறுபக்கத்தில் என்ன ஆகிறது என்று யாரும் உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், தயவுசெய்து முழுவதையும் படியுங்கள்.

அயர்லாந்தில் செவிலியர் பதிவைக் கவனிப்பது டப்ளினை ஒட்டிய பிளாக்ராக் பகுதியில் இருக்கும் நர்சிங் மற்றும் மகப்பேற்று வாரியம். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறவளிடம் அது முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, மணிக்கணக்கை. பொதுச் செவிலியர் படிப்பு என்றால் குறைந்தது 4,600 மணி நேரப் பயிற்சி இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்காவது வகுப்பறைப் பாடம், பாதியாவது நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பழகியது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அந்த அளவுகோலை வைத்துத்தான் எங்கள் படிப்பையும் அளக்கிறார்கள். மருத்துவம், அறுவை மருத்துவம், குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு, சமூக நலம் என்று ஒவ்வொன்றிலும் இத்தனை மணி பாடம், இத்தனை மணி வார்டு என்று நிரப்ப வேண்டும். நம்முடைய மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண் இருக்கிறது, மணி இல்லை. அந்தக் கணக்கு கல்லூரிப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் கல்லூரியே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பதாரர் கையால் கொடுத்தால் செல்லாது.

வளைகுடா நாடுகளின் முறை வேறு, முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான். சவூதியோ துபாயோ கத்தாரோ, உரிமத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பட்டம், பதிவு, அனுபவம் மூன்றையும் டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனம், அவற்றைக் கொடுத்தவர்களிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அவர்கள் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள், மீண்டும் நினைவூட்டுவார்கள். நீங்கள் பதில் போடாவிட்டால் அறிக்கையில் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள். கனடாவுக்குப் போகிறவர்களுக்கும், ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கும் படிவத்தின் நிறம்தான் மாறும்.

‘சரிபார்க்க இயலவில்லை.’ அந்த இரண்டு சொற்களை அரபு நாட்டு மருத்துவமனை ஒன்றின் பணியமர்த்தும் அலுவலர் எப்படிப் படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மின்னஞ்சலைத் திறக்க ஆளில்லை என்று அவர் படிக்க மாட்டார். இந்தப் பெண்ணின் பட்டத்தில் ஏதோ கோளாறு என்றுதான் படிப்பார். கையில் நூறு விண்ணப்பங்கள் இருக்கும்போது இதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

இன்னொன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது கடிகாரம். ஆங்கிலத் திறன் தேர்வுகளான ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. இரண்டின் மதிப்பெண்ணும் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். பகலில் வார்டு, இரவில் ஆங்கிலப் பயிற்சி என்று இரண்டு மூன்று முறை எழுதி, ஒரு வழியாகத் தேறி வருகிறாள் ஒருத்தி. அன்றிலிருந்து அவளுக்கு இருப்பது இருபத்து நான்கு மாதங்கள். அதற்குள் வாரியம் தாள்களைப் பார்க்க வேண்டும், முடிவு சொல்ல வேண்டும், அவள் வேலை தேட வேண்டும். அந்த இருபத்து நான்கில் உங்கள் பீரோவுக்குள் எட்டு மாதமும் பத்து மாதமும் போய்விடுகின்றன.

என் கதையைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் கல்லூரி எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது, அந்த நன்றி இருக்கிறது. பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ‘நம்மை இல்லை’ என்று நகர்ந்துவிடுவீர்கள் என்பதும் ஒரு காரணம்.

சவூதியிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வந்தேன். மகனுக்கு அப்போது மூன்று வயது, ஊரில் என் அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்தான். முப்பது நாளில் பதினொரு நாளைக் கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் கழித்தேன். முதல் நாள் படிவத்தைக் கொடுத்தபோது அலுவலகத்தில் இருந்தவர், “நீயே நிரப்பிக்கொண்டு வா அம்மா, மேடம் கையெழுத்துப் போடுவார்” என்றார். கல்லூரிதான் நிரப்ப வேண்டும் என்று படிவத்திலேயே போட்டிருப்பதைக் காட்டினேன். பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள், பழைய இரும்பு பீரோவின் கீழ்த் தட்டிலிருந்து கயிறு கட்டிய ஒரு கட்டை இழுத்துப் போட்டார். மேலே சிவப்பு மையில் ‘2005–2009’. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. நான்காண்டு நான் நின்ற வார்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. குழந்தைகள் வார்டில் முதல் முறை ஊசி போட்ட மாதம் இருந்தது, மனநல மருத்துவமனைக்குப் பேருந்தில் கூட்டமாகப் போய்வந்த வாரங்கள் இருந்தன.

அவருடைய கால்குலேட்டரில் ஏழாம் எண்ணை இரண்டு முறை அழுத்தினால்தான் விழும். அவர் படிக்க நான் கூட்ட, பிறகு நான் படிக்க அவர் கூட்ட, மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஆறு மணிக்கு எழுந்தோம். நல்ல மனிதர். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கு மணி நேர வேலை அது. எங்கள் பேட்ச் முழுவதற்கும் அதே பாடத் திட்டம், அதே சுழற்சிப் பட்டியல். அன்றைக்குக் கூட்டிய கணக்கைத் தட்டச்சு செய்து கோப்பில் வைத்திருந்தால், எனக்குப் பின்னால் வந்த என் வகுப்புத் தோழிகளுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வைக்கவில்லை. அடுத்த ஆண்டு என் தோழி போனபோது மறுபடியும் பீரோ, மறுபடியும் கயிறு.

கணக்கு முடிந்த பிறகு கையெழுத்து. முதல்வர் புதிதாக வந்தவர். “உன் பேட்ச் எனக்குத் தெரியாதே, நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?” என்று கேட்டார். அம்மா, உங்கள் ஞாபகத்தை யாரும் கேட்கவில்லை. உங்கள் கல்லூரியின் பதிவேட்டைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் அந்த நாற்காலிக்கு வரும்போது அந்தப் பதிவேடும் உங்கள் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. இதை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, “சரி மேடம், நாளைக்கு வருகிறேன் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டு ஆண்டு அனுபவம் உள்ள செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுவதும் நான்கு உயிர்களைப் பார்த்துக்கொண்டவள், அந்த அறை வாசலில் முதலாண்டு மாணவியாகிவிட்டேன்.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தபோது கையெழுத்துக் கிடைத்தது. உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை வைத்து, அலுவலக உதவியாளர் கூரியர் கடைக்கு எடுத்துப் போனார். என் கை படக் கூடாது என்பதால் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று, கடைக்காரர் ரசீது கிழிப்பது வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து வாரியம் ஒரு விளக்கம் கேட்டுக் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பியது. மனநலப் பிரிவின் மணிக்கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்திருக்கிறது, எந்தக் கணக்கு சரி என்ற ஒரு வரிக் கேள்வி. ஐந்து மாதம் பதில் இல்லை. சவூதியிலிருந்து அழைக்காத நாள் இல்லை. கடைசியில்தான் தெரிந்தது, அந்த மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் வேலையை விட்டுப் போன ஒருவரிடம் இருந்தது. வேறு யாருக்கும் அதைத் திறக்கத் தெரியவில்லை, திறக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அதற்குள் என் ஐ.இ.எல்.டி.எஸ். காலாவதியாகிவிட்டது. மறுபடியும் பணம் கட்டி எழுதினேன். முதலில் தேறியவள், இந்த முறை எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளியில் தவறினேன். பிறகு இன்னொரு முறை. ஆக மொத்தம் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் என் மகன் அ, ஆ எழுதப் பழகியதைக் கைப்பேசித் திரையில் பார்த்தேன்.

எல்லாத் தாளும் போய்ச் சேர்ந்த பிறகு வாரியத்தின் முடிவுக் கடிதம் வந்தது. இரண்டு வழி கொடுப்பார்கள். இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் சில வாரம் மேற்பார்வையில் பணியாற்றிக் காட்டலாம், இல்லையென்றால் டப்ளினில் தகுதித் தேர்வு எழுதலாம். நான் தேர்வைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துத் தேர்வு முடிந்து செயல்முறைத் தேர்வு. மணி அடித்தால் ஒரு மேசை, மறுபடி அடித்தால் அடுத்த மேசை. கை கழுவுவதில் தொடங்கி, நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்துப் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, ஒவ்வாமை உண்டா என்று விசாரித்து, மருந்தின் காலாவதித் தேதியை வாய்விட்டுப் படித்து, பிறகுதான் கொடுக்க வேண்டும். மனதுக்குள் சரிபார்த்தால் மதிப்பெண் கிடையாது, தேர்வாளர் காதில் விழ வேண்டும். நம் வார்டுகளில் ஒருவருக்கு இருபது முப்பது நோயாளி என்று ஓடிப் பழகிய எனக்கு, அப்படி நின்று நிதானமாகச் செய்வதைக் கற்றுக்கொள்ளவே பல நாளாயிற்று. ஆனால் அந்தத் தேர்வு நியாயமானது. என் கையைப் பார்த்தார்கள், முடிவு சொன்னார்கள். என்னைக் கண்ணால் கண்டிராத அந்த நாடு என்னைச் சோதித்து ஏற்றுக்கொள்ளச் சில நாளே போதுமாக இருந்தது.

அசல் சான்றிதழ்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். படிப்பு முடிந்ததும் ஓராண்டு கல்லூரியின் தாய் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்று சேர்க்கையின்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். செய்தேன். அப்போது என் சம்பளம் மாதம் 5,500 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கைக்கு வந்தது கல்விக் கடன் தவணைக்குக்கூடப் போதவில்லை. ஆண்டு முடிந்து சான்றிதழ் கேட்டபோது, 50,000 ரூபாய் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பட்டம், எல்லாம் அவர்களிடம். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு பழுப்பு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வாங்க என் அப்பா பணம் கொடுத்தார். அது அரசுத் தேர்வுத் துறை எனக்குக் கொடுத்த தாள்.

அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் அல்ல, பணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் சட்டப்படி வசூலிக்க வழி இருக்கிறது. இருந்தும் இன்று வரை ‘ஒரிஜினல் உள்ளே இருக்கிறது’ என்ற பேச்சை நம் செவிலியர் விடுதிகளில் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதனால் லாபம் அடைவது யார் என்று யோசித்திருக்கிறீர்களா? தரகர்கள்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு அவள் மூன்றாண்டு உழைத்த மருத்துவமனை அனுபவச் சான்று தர மறுத்தது. முன்னறிவிப்புக் காலம் முழுவதும் வேலை செய்து முடித்தும், ‘ஆள் கிடைக்கும் வரை இரு’ என்றார்கள். ஒரு தரகர் வந்தார். ‘கவலைப்படாதே, வேறு மருத்துவமனைப் பெயரில் நான் வாங்கித் தருகிறேன்’ என்றார். பணம் வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். சரிபார்ப்பில் அது போலி என்று வந்தது. உண்மையாகவே மூன்றாண்டு இரவும் பகலும் உழைத்தவள், அனுபவமே இல்லாத மோசடிக்காரியாக அந்த நாட்டின் பதிவில் நிற்கிறாள். அவள் செய்தது தவறுதான். ஆனால் உண்மையான தாளைக் கொடுக்க மறுத்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு கறையும் இல்லை.

போலிகளைப் பிடிக்கத்தான் இந்தச் சரிபார்ப்பே வந்தது. நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் சொந்த மாணவியைப் போலிகளின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

2015-இல் குவைத்துக்குச் செவிலியர் எடுத்ததில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் கொச்சியில் ஒரு நிறுவனம் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் போட்டது. அந்த ஆண்டுதான் குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கேரளத்தின் நோர்க்காவும் நம் மாநிலத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அப்படித்தான் அந்த வேலைக்குள் வந்தன. உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கே இன்று உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் வரி. இந்த எண்ணை ஒவ்வொரு இறுதியாண்டு வகுப்பின் கரும்பலகையிலும் எழுதிப்போட உங்களால் முடியும்.

அதற்கு முந்தைய ஆண்டு ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கிய 46 செவிலியர்கள் 2014 ஜூலை 5 அன்று கொச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய எல்லோரும் மலையாளிகள். தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார், எங்கள் மாவட்டம். குண்டு விழும் ஊரைவிட்டு வரக்கூட அவர்களில் சிலர் தயங்கியதாக அப்போது படித்தேன். சம்பளம் பாக்கி, ஊரில் கடன். எனக்கு அது வியப்பாக இல்லை. அடகு ரசீதை வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்களுக்கு அந்தத் தயக்கம் புரியும்.

நீங்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். ‘தாளைக் கொடுத்தால் எல்லோரும் போய்விடுவார்கள். எங்கள் வார்டை யார் பார்ப்பது?’ கேள்வி நியாயமானது. ஊரில் என் அம்மா மருத்துவமனையில் சேர்ந்தபோது அங்கே இரவில் இரண்டு பெண்கள் முப்பத்தைந்து பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் படிப்பு முடித்து ஓராண்டுகூட ஆகாதவர்கள். அந்த வெற்றிடத்தில் எனக்கும் பங்கு உண்டு, அது என்னை உறுத்தாமல் இல்லை.

ஆனால் எங்களை எது நிறுத்தும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மத்திய அரசு அமைத்த குழு 2016-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100-க்கு மேல் என்றால் அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் 100-க்கும் இடையில் என்றால் இருபத்தைந்து விழுக்காடு. 50 படுக்கைக்கும் கீழே இருந்தால்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இந்தப் பரிந்துரையை உங்களில் எத்தனை பேர் நடைமுறைப்படுத்தியிருக்கிறீர்கள்? ஊரை விட்டு, பெற்ற பிள்ளையை விட்டுப் போக எந்தப் பெண்ணும் ஆசைப்படுவதில்லை. எனக்கு அன்றைக்கு இந்தச் சம்பளம் கிடைத்திருந்தால் நான் கோவில்பட்டியைத் தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான். சம்பளத்தால் நிறுத்த முடியாதவளைப் பீரோவில் பூட்டி நிறுத்தியும் பயனில்லை. அவள் வார்டில் நிற்பாள், மனம் அங்கே இருக்காது.

சின்னதாகத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் தலைப்பெழுத்து. கல்லூரிப் பட்டத்தில் அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் அதே பெயர் முழுதாக விரிந்து பின்னால் போய்விடும். திருமணத்துக்குப் பின் எடுத்த கடவுச்சீட்டு என்றால் கணவர் பெயர். குடும்பப் பெயர் எது என்று கேட்கும் வெளிநாட்டுப் படிவத்துக்கு நம்மிடம் பதிலே இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரி, பிரமாணப் பத்திரம், மறுபடி உங்களிடம் ஒரு கடிதம். சேர்க்கையின்போதே கடவுச்சீட்டு எடுக்கச் சொல்லி, அதில் இருக்கிறபடியே எல்லாத் தாளிலும் பெயரை எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. அனுபவச் சான்றில் தேதியும் அப்படியே. சான்றில் ஜூன் 1 என்று எழுதிவிட்டு, சரிபார்ப்பவர் கேட்கும்போது சம்பளப் பதிவேட்டைப் பார்த்து ஜூன் 15 என்று பதில் போட்டால், அந்தப் பதினான்கு நாள் அவளுடைய பொய்யாகக் கணக்காகிவிடும்.

செவிலியர் பதிவைப் பொறுத்தவரை இப்போது நிலைமை மாறிவருகிறது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நம் மாநிலக் குழுமத்தின் பதிவெண்ணோடு, நாடு முழுவதற்குமான தனி அடையாள எண்ணும் வந்துவிட்டது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தேசியப் பதிவேடு ஒன்றையும் சொல்கிறது. நல்லது. ஆனால் எந்தப் பதிவேடு வந்தாலும், ஒரு பெண் குழந்தைகள் வார்டில் எத்தனை மணி நேரம் நின்றாள் என்பதை உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு பேட்ச் வெளியேறும்போதும் மணிக்கணக்கை ஒருமுறை கூட்டி, முதல்வர் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். கல்லூரியின் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வையுங்கள். யாரோ ஒருவருடைய ஜிமெயிலிலிருந்து வரும் பதிலைச் சரிபார்ப்பவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். சரிபார்ப்புக் கடிதம் வந்தால் பதினைந்து நாளில் பதில் போடுவது என்று ஒரு முடிவெடுத்து, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதற்குக் கட்டணம் உண்டென்றால் எழுதிப் போட்டு, ரசீது கொடுத்து வாங்குங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். வேலையை விட்டுப் போகிறவளுக்கு அனுபவச் சான்றை அவள் கடைசிப் பணி நாளிலேயே கையில் கொடுங்கள். உள்ளே இருக்கும் அசல்களை இந்த மாதமே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

என் கல்லூரியில் அன்று என்னோடு கணக்குக் கூட்டியவர் ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் இடத்துக்கு யார் வந்திருக்கிறார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், 2005–2009 கட்டுக்குள் நாங்கள் பென்சிலால் கூட்டிய தாள் ஒன்று செருகியிருக்கும். எங்கள் பேட்ச் பெண் யாராவது வந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். மனநலப் பிரிவின் கணக்கை மட்டும் இன்னொரு முறை சரிபாருங்கள்.

எனக்குக் குரல் பதிவு அனுப்பிய பெண்ணின் படிவம் உங்களில் ஒருவருடைய மேசையில் இரண்டு மாதமாக இருக்கிறது. அவளுடைய ஓ.இ.டி. மதிப்பெண் வரும் மார்ச் மாதத்தோடு காலாவதியாகிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் வருவாள். அவளை உள்ளே கூப்பிடுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி
கார்க், அயர்லாந்து